கைப்பிடி யாருக்காக?

மோட்டார் வண்டியின் வெளிக் கைப்பிடிகளைக் கழற்றிவிட்டு, துவாரத்தை அடைத்து வர்ணம் பூசுவது அமெரிக்காவில் நெடுநாளைய மோஸ்தர். பொத்தானை அழுத்தினால், உள்ளே இருக்கும் மின்காந்தம் பூட்டை இழுத்துக் கதவைத் திறக்கும். பார்வைக்கு அழகுதான், திருடன் கை வைக்கவும் இடமில்லை. இவ்வளவும் மெய்யே.

ஆனால், விபத்தில் மின்சாரம் அறுந்துபோனால்? 2025 அக்டோபரில் சீனாவின் செங்டு நகரில் ஒரு கார் தீப்பற்றியது. வழிப்போக்கர்கள் ஓடிவந்து கதவைத் திறக்க முயன்றும் முடியவில்லை, உள்ளிருந்தவர் மாண்டார். மின்சாரமின்றியும் திறக்கும் வெளிக் கைப்பிடி 2027 முதல் புது மாடல் கார்களுக்குக் கட்டாயம் என்று அந்நாட்டு அரசாங்கம் விதித்திருக்கிறது.

நம் நாட்டிலும், தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை வலியுறுத்தியது.

எங்கள் பொங்கலூர்ப் பக்கத்துச் சாலையில் நள்ளிரவில் ஒரு கார் கவிழ்ந்தால், முதலில் ஓடிவருபவர் யார்? தோட்டத்துக் குடியானவர், அல்லது வேலை முடிந்து திரும்பும் பனியன் தொழிலாளி. அவரிடம் சாவியும் இல்லை, பொத்தானும் இல்லை. இரண்டு கைகளே உண்டு. அந்தக் கைகளுக்காகவே கைப்பிடி இருக்கிறது. அழகு வேண்டுவோர் இருக்கையின் உறையை மாற்றிக்கொள்ளட்டும்!