'இரு தரப்பினர்' என்னும் தணிக்கை

ஆய்வுக்காகப் பழைய நாளிதழ்க் கட்டுகளை மாதக்கணக்கில் புரட்டிக்கொண்டிருக்கிறேன். சாதி வன்கொடுமைச் செய்திகளில் திரும்பத் திரும்ப வரும் சொற்களை ஒரு நோட்டில் தனியே எழுதி வைக்கிறேன்: 'இரு தரப்பினர் மோதல்', 'முன்விரோதம்', 'மர்ம நபர்கள்', 'பதற்றம், போலீஸ் குவிப்பு'. சேரிக்குள் புகுந்து வீடுகளைக் கொளுத்தினாலும் அது மோதல்தான். கொளுத்தியவரும் ஒரு தரப்பு, வீடிழந்தவரும் ஒரு தரப்பு.

தணிக்கை என்றதும் நமக்கு நெருக்கடி நிலைக் காலம்தான் நினைவுக்கு வருகிறது. இந்தச் சொற்களை எந்த அதிகாரியும் எழுதிக் கொடுக்கவில்லை. செய்தி மேசையே எழுதுகிறது.

கயர்லாஞ்சியை எடுத்துக்கொள்வோம். 2006 செப்டம்பர் 29 அன்று மராட்டியத்தின் பண்டாரா மாவட்டத்தில் உள்ள அந்தக் கிராமத்தில், போட்மாங்கே என்ற தலித் குடும்பத்தின் தாயும் மகளும் இரு மகன்களும் ஊர்க்கும்பலால் கொல்லப்பட்டார்கள். மூன்றே நாளில், அம்பேத்கர் பௌத்தம் தழுவியதன் 50ஆம் ஆண்டுக்காக நாக்பூர் தீட்சாபூமியில் மக்கள் வெள்ளமாகத் திரண்டிருந்தார்கள். பக்கத்து மாவட்டத்தில் நடந்த படுகொலையோ பத்திரிகைகளில் 'கள்ளத்தொடர்பு' விவகாரமாகச் சுருங்கிக் கிடந்தது. செத்த பெண்ணின் ஒழுக்கம்தான் செய்தி. நவம்பரில் விதர்பா நகரங்களில் தலித் மக்கள் தெருவுக்கு வந்த பிறகே தேசிய ஊடகங்கள் திரும்பிப் பார்த்தன. அப்போதும் ஆட்சியாளர்கள் போராட்டத்துக்குப் பின்னால் நக்சலைட்டுகளைத் தேடினார்கள்.

2008இல் விசாரணை நீதிமன்றம் எட்டுப் பேரைக் குற்றவாளிகள் என்றது, ஆறு பேருக்கு மரண தண்டனையும் விதித்தது. ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தாது என்றது. 2010இல் உயர் நீதிமன்றம் மரண தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. சாதி அல்ல, பழிவாங்கல்தான் காரணம் என்றது. என் நோட்டில் இருக்கும் 'முன்விரோதம்' அங்கே தீர்ப்பாகிவிட்டது.

மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? ஆக்ஸ்பாம் இந்தியாவும் நியூஸ்லாண்டரியும் 2019இல் ஆங்கில, இந்தி ஊடகங்களை ஆராய்ந்தன. செய்தி அறைகளின் 121 தலைமைப் பொறுப்புகளில் 106 ஆதிக்க சாதியினரிடம் இருந்தன. பட்டியல் சாதி, பழங்குடியினர் ஒருவர்கூட இல்லை.

இதோடு அரசும் சேர்ந்துகொள்கிறது. 'தலித்' என்ற சொல்லைத் தவிர்க்கும்படி 2018 ஆகஸ்டில் ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தனியார் தொலைக்காட்சிகளுக்கு அறிவுறுத்தியது. மக்கள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட பெயர் அது! 2025இல் 'புலே' இந்திப் படத்திலிருந்து 'மஹர்', 'மாங்' போன்ற சொற்களை நீக்கச் சொன்னது தணிக்கை வாரியம். சாதியை எதிர்த்தவரின் கதையில் சாதியின் பெயர் வரக்கூடாதாம்.

சாதிப் பெயரை எழுதினால் கலவரம் பரவும் என்று பத்திரிகை நண்பர்கள் சொல்வதுண்டு. அந்தக் கவலையை நான் முற்றாகத் தள்ளவில்லை, தென்மாவட்டங்களின் தொண்ணூறுகளைப் படித்தவர் யாரும் தள்ள முடியாது. ஆனால் பெயரை மறைப்பதால் யார் காப்பாற்றப்படுகிறார்கள்? அடிபட்டவரின் சாதி அந்த ஊர் முழுக்கத் தெரியும். அடித்தவரின் சாதி மட்டும்தான் வெளியூர் வாசகருக்குத் தெரியாமல் போகிறது.

நான் கேட்பது இரண்டு வரிகள்தான். யார் யாரைத் தாக்கினார்கள் என்று எழுவாயோடு எழுதுங்கள். வழக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பதிவானதா என்று சேர்த்து எழுதுங்கள். இரண்டாவதற்குக் காவல் நிலையத்துக்கு ஒரு போன் போட்டால் போதும்.