நடந்த தூரமும் கட்டணம்தான்

தொலைபேசி மலிந்துவிட்டது என்று யார் சொன்னாலும் நான் கேட்பது ஒன்றுதான்: பேசுகிற இடத்துக்குப் போய்ச் சேர எவ்வளவு ஆகிறது?

ஏற்காடு மலையில் இருக்கும் கொட்டச்சேட்டில் காப்பியும் மிளகும் போடுகிற குடும்பம் எங்களுடையது. தொண்ணூறுகளில் வெளியூரில் இருந்த சித்தப்பாவிடம் பேச அப்பா பஸ் ஏறி ஏற்காட்டுக்குப் போவார். வெளியூர் அழைப்புக்கான எஸ்.டி.டி. பூத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று, மீட்டரில் ஏறும் ரூபாயைப் பார்த்துக்கொண்டே பேசி முடிப்பார். பேச்சுக்குக் கொடுத்ததைவிடப் பஸ்ஸுக்கும் போன அரை நாள் வேலைக்கும் ஆனதே அதிகம்.

அரசு சலுகை தராமல் இல்லை. இரவு ஏற ஏற எஸ்.டி.டி. கட்டணம் இறங்கி, கால் பங்குக்கு வந்துவிடும். அந்த நேரத்துக்காக நகரத்து பூத் வாசல்களில் கூட்டம் காத்திருக்கும். எங்களுக்கோ அந்நேரத்தில் ஊர் திரும்ப பஸ் இல்லை. கையில் காசு குறைவாக இருந்த நாங்கள்தான் பகலில் முழுக் கட்டணம் கொடுத்துப் பேசினோம்.

1997-க்குள் எல்லாக் கிராமங்களுக்கும் தொலைபேசி என்றது 1994-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புக் கொள்கை. 1999-இல் வந்த புதிய கொள்கை அந்தக் கெடுவை 2002-க்குத் தள்ளியது. லாபமில்லாத ஊர்களுக்கும் சேவை போகவேண்டும் என்று அதே 2002-இல் தனி நிதியம் பிறந்தது. தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயில் 5 சதவீதம் அதற்குப் போகிறது. அத்தனைக்குப் பிறகும் 2022-இல், 4ஜி எட்டாத 24,680 கிராமங்களுக்கு என்று ரூ.26,316 கோடியை மத்திய அரசு ஒதுக்க வேண்டியிருந்தது.

இதற்கிடையில் பூத்துகள் மறைந்தன. எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறதே என்பார்கள். எங்கள் சேர்வராயன் மலையில் ஒரு பள்ளத்தில் இறங்கினால் சிக்னல் போய்விடும். மேட்டுக்கு ஏறித்தான் பேசவேண்டும். பிரசவ வலி கண்ட பெண்ணுக்கு 108 ஆம்புலன்ஸை அழைக்க யாராவது மேடேறி ஓடவேண்டும் என்றால், இலவச எண் அவளுக்கு இலவசமாகக் கிடைக்கவில்லை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டு மலைச்சாலை சரிந்தது. சாலை அறுந்துபோகிற நாளில்தான் போன் மிகவும் தேவைப்படுகிறது. மின்சாரமும் சேர்ந்து நின்றால், பேட்டரி தீர்ந்ததும் டவரும் நின்றுவிடும்.

ஆகவே என் கோரிக்கை இது. சிக்னல் சரியாகக் கிடைக்காத ஒவ்வொரு மலைக்கிராமத்திலும் ரேஷன் கடையிலோ பள்ளியிலோ ஒரு பொதுத் தொலைபேசி வேண்டும். சூரிய மின்சக்தியில் ஓடவேண்டும். கேபிள் போகாத இடத்தில் செயற்கைக்கோள் வழியாக இயங்கவேண்டும். அது பழுதானால் சரிசெய்யும் பொறுப்பும் கெடுவும் எழுத்தில் இருக்கவேண்டும். அதற்கான நிதியம் 20 ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. எத்தனை கிராமத்துக்கு இணைப்புக் கொடுத்தோம் என்று அதிகாரிகள் கணக்கெழுதும்போது, ஒரு வார்த்தை பேச எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்பதையும் எழுதட்டும்.