சொந்த ரெப்போ வைத்திருப்பவர்களுக்கு

லினக்ஸ் சர்வர்களை நம்பி இயங்கும் அலுவலகங்கள் பலவற்றில் சொந்தமாக ஒரு ரெப்போ இருக்கும். டெபியன் தரும் பேக்கேஜ் நம் தேவைக்கு ஒத்துவராதபோது, மூலநிரலில் நாலு வரி திருத்தி, பதிப்பு எண்ணுக்கு ஒரு வால் சேர்த்து அதில் போட்டுவிடுகிறோம். அன்றிலிருந்து அந்த பேக்கேஜ் நம் பொறுப்பு. பின்னிங் செய்து வைத்தால் டெபியனின் பாதுகாப்புத் திருத்தங்கள் நமக்கு வராது. செய்யாவிட்டால் அடுத்த பதிப்பு வந்து நம் பேட்சைச் சத்தமில்லாமல் அழித்துவிடும்.

அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. 2006இல் டெபியனில் ஓப்பன்எஸ்எஸ்எல் பேக்கேஜைப் பராமரித்தவர், வால்கிரைண்ட் என்ற சோதனைக் கருவி எச்சரித்ததால் இரண்டு வரிகளை எடுத்துவிட நினைத்தார். மூல நிரலாளர்களிடம் கேட்கவும் செய்தார். பிழை தேட உதவுமென்றால் எடுக்கலாம் என்று பதிலும் வந்தது. அவர் எடுத்தது எல்லாப் பயனர்களுக்கும் போகும் பேக்கேஜிலிருந்து. அந்த இரண்டில் ஒரு வரிதான் சீரற்ற எண்களுக்கு விதை சேர்த்துக்கொண்டிருந்தது. மிஞ்சியது ப்ராசஸ் எண் மட்டும், அதிகபட்சம் 32,768 வாய்ப்புகள். உபுண்டுவுக்கும் அது போனது. 2008 மே 13 அன்று டெபியன் அறிவிக்கும்வரை வெளியுலகுக்குத் தெரியவில்லை. பேக்கேஜைச் சரிசெய்தது மட்டும் போதவில்லை. அந்த இயந்திரங்களில் உருவான எஸ்எஸ்எச் சாவிகளையெல்லாம் தூக்கிப்போட வேண்டியிருந்தது. அவர் அலட்சியக்காரர் அல்ல. கேட்டுவிட்டுச் செய்தவருக்கே இந்த நிலை என்றால், யாரிடமும் கேட்காமல் நாம் போடும் பேட்சுகளை நினைத்து எனக்கு உண்மையிலேயே பயம் வருகிறது.

2024 மார்ச்சில் அம்பலமான, எக்ஸ்இசட் நூலகத்தில் ஒளித்துவைத்த பின்வாசல் எஸ்எஸ்எச் வரை எட்டியதற்கும் ஒரு பேட்ச்தான் வழி. சிஸ்டம்டிக்குத் தகவல் சொல்வதற்காக டெபியனும் ஃபெடோராவும் ஓப்பன்எஸ்எஸ்எச்சில் தாங்களே சேர்த்திருந்த இணைப்பு அது; சிஸ்டம்டி நூலகத்தோடு எக்ஸ்இசட்டும் உள்ளே வந்துவிட்டது. பிறகு ஓப்பன்எஸ்எஸ்எச் குழுவே, அந்த நூலகங்கள் எதையும் இழுக்காமல், அதே வசதியைத் தன் 9.8 பதிப்பில் எழுதிவிட்டது. மூலத்துக்குள் போய்ச் சேரும் திருத்தத்தைப் பல கண்கள் பார்க்கின்றன. நாமும் அதைக் காலமெல்லாம் சுமக்க வேண்டியதில்லை.

ஆகவே திருத்தங்களை மூலநிரலோடு கலக்காதீர்கள். ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாக வையுங்கள். ஏன் போட்டோம், எங்கிருந்து எடுத்தோம், மூலக் குழுவுக்கு அனுப்பினோமா என்று அதன் தலையில் எழுதுங்கள். டெபியன் இதற்கென்றே ஒரு வடிவம் வகுத்திருக்கிறது. உங்கள் ரெப்போவில் இன்னும் அனுப்பாத பேட்சுகள் இருந்தால், இந்த வாரம் ஒன்றையாவது அனுப்பிவிடுங்கள்.