பரணில் இருந்த பெட்டி

சென்ற கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலையில் சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தேன். அகல் விளக்குத் தேடிப் பரணில் ஏறியவள், தாத்தாவின் தகரப் பெட்டியை இறக்கினாள். உள்ளே, பழுப்பேறிய 1952-ம் வருஷத்துப் பத்திரம்! கல்யாணச் செலவுக்கு 60 ரூபாய் வாங்கிய ஒருவர், கடன் தீரும்வரை பண்ணையில் உழைப்பதாகக் கைநாட்டு வைத்திருந்தார். உழைப்பெல்லாம் வட்டிக்குச் சரி. அசல் மகன் தலையில்!

"தாத்தாவைத் தர்மிஷ்டர் என்பார்களே!" என்றாள் சிநேகிதி. தர்மிஷ்டர்தான் அம்மா, கோயில் தீபத்துக்கு நெய் அளந்த கைதான் இதையும் வாங்கி வைத்தது.

அடிமை முறையைச் சட்டம் ஏற்காது என்று 1843-லேயே கும்பினி சர்க்கார் சொல்லிவிட்டது. ஆனால் அது கடன் என்று பெயர் மாற்றிக்கொண்டு பிழைத்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வர 1976 ஆயிற்று.

பெட்டியில் இன்னொன்றும் இருந்தது: அதே குடும்பத்தின் நிலத்தை வாங்கிய கிரயப் பத்திரம். ஒடுக்கப்பட்டோருக்கென 1892 முதல் அளிக்கப்பட்ட பஞ்சமி நிலத்தைப் பிற சாதியாருக்கு விற்பது செல்லாது. இது அந்த நிலம்தானா? விடுமுறை கழிந்ததும் சிநேகிதி தாலுகா ஆபீஸ் படியேறினாள். அண்ணன்மார் அவளோடு பேசுவதில்லை.

"அந்தக் குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்பாயா?" என்றேன்.

"வெறுங்கையோடு போய் அழுதால், அவர்களல்லவா எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும்? நிலத்தோடு போகிறேன்" என்றாள்.

வாசக சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டி இருக்குமே!