63 நாள் பொறுப்பு

2019 ஆம் ஆண்டு ஜூலை மாதம் திருவனந்தபுரத்தின் சாக்கைப் பகுதியில் ஒரு பொமரேனியன் பெட்டை நாய் கைவிடப்பட்டிருந்தது. அதன் கழுத்துப்பட்டையில் ஒரு கடிதம் செருகப்பட்டிருந்தது. நல்ல இனம், நல்ல பழக்கம், மூன்று ஆண்டுகளில் எவரையும் கடித்ததில்லை, பாலும் பிஸ்கட்டும் முட்டையுமே உணவு என்றெல்லாம் எழுதியிருந்த உரிமையாளர், அக்கம்பக்கத்து நாயொன்றுடன் அது தகாத உறவு கொண்டதால் கைவிடுவதாகக் கடிதத்தை முடித்திருந்தார். பீப்பிள் ஃபார் அனிமல்ஸ் அமைப்பினர் அந்நாயை மீட்டனர். செய்தியைப் படித்துப் பலர் சிரித்தனர்.

சிரிப்பதற்கு அதில் அதிகமில்லை. அழகுக்காகவும் பெருமைக்காகவும் சிற்றின நாயை வாங்குவதும், அது பருவமடைந்து இணை சேர்ந்ததும் வரப்போகும் செலவுக்கும் தொல்லைக்கும் அஞ்சித் தெருவில் விடுவதும் நம்மிடையே உள்ள வழக்கமே. பசிக்கும் தாகத்துக்கும் ஆளாகும் நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுவது, 1960 ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் குற்றத்துக்கு அச்சட்டம் விதித்துள்ள அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. இத்தொகைக்கு அஞ்சி எவரும் மனம் மாறப்போவதில்லை. ஆகவே, கைவிட்டவர் தட்டிக்கழித்த செலவு முழுவதும் அந்நாய்க்கு அடைக்கலம் தந்தவர் தலையில் விழுகிறது. அவ்வாறு அடைக்கலம் தரும் குடும்பங்களை மனத்திற்கொண்டே இதனை எழுதுகிறோம்.

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டியுள்ள பெருமாட்டி ஊராட்சியை எடுத்துக்கொள்வோம். தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் உழவர் பகுதி அது. கறவை மாடு இங்குள்ள பலருக்கு வாழ்வாதாரம். சினைப்பசுவுக்கு எப்போது பால் வற்றச் செய்ய வேண்டும், கன்று ஈனும் நாள் எது என்பவற்றை வீட்டுப் பெண்கள் விரல்விட்டுச் சொல்வார்கள். அத்தகைய வீட்டுத் திண்ணையில் வயிறு பருத்த சிறு நாயொன்று வந்து படுத்தால், அதனை விரட்ட மனம் வராது. ஒரு பிடி சோறு கிடைத்துவிடும். அந்த இரக்கத்தைப் போற்றுகிறோம். ஆயினும், முதன்முறை குட்டி ஈனப்போகும் சிற்றின நாய்க்கு இரக்கம் மட்டும் போதாது. நாளும் தொகையும் குறித்த திட்டமும் வேண்டும் என்பதே எமது கருத்து.

முதலில் நாளைப் பார்ப்போம். பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். நாய்க்கோ ஏறத்தாழ 63 நாள் மட்டுமே. தெருவிலிருந்து வந்த நாய் எந்நாளில் இணை சேர்ந்தது என்பதைச் சொல்ல எவருமில்லை. வயிறு கண்ணுக்குத் தெரியும்போது பாதிக்கு மேற்பட்ட காலம் கழிந்திருக்கும். எனவே, வந்த முதல் வாரத்திலேயே கால்நடை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். இணை சேர்ந்து 25 நாள் கடந்திருந்தால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் மூலம் சினையை உறுதிசெய்யலாம். 55 ஆம் நாளுக்குப் பிறகு எடுக்கும் எக்ஸ்ரேயில் குட்டிகளின் எலும்புகள் தெளிவாகத் தெரியும், எண்ணிக்கையை அறியலாம். மூன்று குட்டிகள் என்று தெரிந்திருந்தால், இரண்டுடன் ஈற்று நின்றுபோகும் இரவில் இன்னும் ஒன்று உள்ளே இருப்பது நமக்குத் தெரியும். ஒரேயொரு குட்டி என்றாலும் எச்சரிக்கை வேண்டும். தனிக்குட்டி பெரிதாக வளர்ந்து, சிறிய தாயின் இடுப்பெலும்பு வழியே வர இயலாமல் போகக்கூடும்.

அந்த முதல் சந்திப்பிலேயே கேட்கவேண்டிய கேள்வி மற்றொன்றும் உண்டு. இந்த உடல் குட்டிகளைச் சுமக்கத் தகுதியானதா? மிக இளம் வயது நாய், நோயுற்ற நாய், எலும்பும் தோலுமான நாய் ஆகியவற்றுக்குச் சினையைத் தொடர்வது உயிருக்கே ஆபத்தாகலாம். தொடக்க நிலையிலேயே கருத்தடை அறுவை செய்துவிடுவது நல்லது என மருத்துவர் கருதினால், அதனைப் பாவமென்று தள்ளாமல் கேட்டு முடிவெடுக்க வேண்டும். தடுப்பூசி, குடற்புழு நீக்கம், உண்ணி மருந்து ஆகியவற்றையும் அவரே தீர்மானிக்கட்டும். சினைக்காலத்தில் சில மருந்துகளும் உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகளும் குட்டிகளுக்குக் கேடு தரும். தடுப்பூசி வரலாறு அறியாத நாய் கடித்தாலோ நகத்தால் கீறினாலோ, காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி மருத்துவமனைக்குச் சென்று ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதில் சிறிதும் அலட்சியம் கூடாது.

அடுத்தது உணவு. முதல் ஐந்து வாரங்களுக்கு வழக்கமான அளவே போதும். ஆறாம் வாரம் முதல் படிப்படியாகக் கூட்டலாம். வயிற்றில் இடம் குறைவாதலால், ஒரே வேளையாகப் பரிமாறாமல் நான்கு சிறு வேளைகளாகப் பிரித்துத் தருவது நன்று. வெறும் சோறும் பாலும் சினை நாய்க்கு நிறைவான உணவாகா. வேகவைத்த முட்டை, எலும்பு நீக்கிய கோழிக்கறி, மீன், அல்லது குட்டிகளுக்கென விற்கப்படும் தரமான உலர் உணவு சேர வேண்டும். மிஞ்சிய குழம்பை ஊற்றும் பழக்கத்தை விட வேண்டும். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை.

நல்லெண்ணத்தால் நேரும் பெரும் பிழை சுண்ணாம்புச்சத்து மருந்து. சினையென்று தெரிந்தவுடனே கால்சியம் டானிக் வாங்கி ஊற்றுவோர் பலர். கன்று ஈன்ற பசு திடீரெனத் தரையில் சாய்ந்து எழ முடியாமல் கிடக்கும் பால் காய்ச்சலை மாடு வளர்ப்போர் அறிவர். இரத்தத்தில் சுண்ணாம்புச்சத்து குறைவதே அதன் காரணம். சிற்றின நாய்களுக்கும் குட்டி ஈன்ற முதல் சில வாரங்களில் இதே குறை நேர்கிறது. அமைதியின்மை, மூச்சிரைப்பு, கால் விறைப்பு, நடுக்கம், இறுதியில் வலிப்பு என அது விரைந்து முற்றும். சில மணி நேரத்துக்குள் நரம்பு வழியே மருந்து செலுத்தாவிடில் தாய் இறந்துபோகலாம். சினைக்காலத்தில் கால்சியத்தை மிகுதியாகத் தந்தால், தேவைப்படும் நேரத்தில் எலும்பிலிருந்து அதனை எடுத்துக்கொள்ளும் உடலின் இயல்பான ஆற்றல் மங்கிவிடுகிறது. காப்பதற்கென்று தந்த மருந்தே அபாயத்தைக் கூட்டுகிறது. மருத்துவர் சொல்லாமல் ஒரு சொட்டும் தர வேண்டாம்.

இடமும் முக்கியம். ஈனும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே, வீட்டின் அமைதியான மூலையில் ஒரு பெட்டியை வைத்து, செய்தித்தாளும் பழைய பருத்தித் துணியும் விரித்து, அதில் படுக்கப் பழக்க வேண்டும். தாய் எளிதில் தாண்டவும் குட்டிகள் தாண்டாதிருக்கவும் ஏற்ற உயரம் போதும். கடைசி மூன்று வாரங்கள் வேறு நாய்களுடன் பழக விடலாகாது. பாலக்காட்டின் மார்ச், ஏப்ரல் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தொடுவதுண்டு. தகரக் கூரையின் கீழ் பெட்டியை வைப்பது கொடுமை. அதே வேளையில், பிறந்த குட்டிகளால் முதல் வாரத்தில் தம் உடல் வெப்பத்தைத் தாமே காத்துக்கொள்ள முடியாது. எனவே தாய்க்குக் காற்றும் குளிர்ந்த நீரும் எட்டும்படியும், குட்டிகள் மீது மின்விசிறிக் காற்று நேரடியாகப் படாதபடியும் இடம் தெரிவு செய்ய வேண்டும்.

இனி அந்த நாள். கடைசி வாரத்தில் காலையும் மாலையும் ஆசனவாயில் வெப்பமானி வைத்து உடல்வெப்பத்தைக் குறித்து வர வேண்டும். இயல்பில் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் உள்ள வெப்பம் 99 டிகிரிக்குக் கீழே இறங்கினால், ஏறத்தாழ 24 மணி நேரத்தில் ஈற்று தொடங்கும். உணவை மறுத்தல், படுக்கையைக் கீறுதல், நடுங்குதல் ஆகியவை இயல்பான அறிகுறிகளே. கீழ்க்காணும் நிலைகளில் மட்டும் காத்திருத்தல் கூடாது: அரைமணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வராமை, உள்ளே குட்டி இருந்தும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி, முதல் குட்டி வருமுன்னரே கரும்பச்சை நிறக் கசிவு, வெப்பம் இறங்கி ஒரு நாள் கடந்தும் ஈற்று தொடங்காமை. இவற்றில் எது நேர்ந்தாலும், குட்டியைப் பிடித்து இழுக்காமலும், கடையில் ஊசி வாங்கிப் போடாமலும் மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும்.

எந்த மருத்துவமனைக்கு? இக்கேள்விக்கு நள்ளிரவில் விடை தேடுவதே பல உயிர்களைப் பறிக்கிறது. பெருமாட்டியில் இருப்பவருக்குப் பாலக்காட்டு நகரமும், மண்ணுத்தியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியும், எல்லைக்கு அப்பால் பொள்ளாச்சியும் கோயம்புத்தூரும் உண்டு. இவற்றுள் இரவில் திறந்திருப்பது எது, சிசேரியன் அறுவை செய்பவர் யார், கட்டணம் எவ்வளவு என்பதை முன்கூட்டியே நேரில் விசாரித்து எழுதி வைக்க வேண்டும். கால்நடை நடமாடும் மருத்துவச் சேவைக்கான 1962 என்ற கட்டணமில்லா எண்ணில், தம் பகுதியில் எந்நேரம் எவ்வகை உதவி கிடைக்கும் என்பதையும் கேட்டறியலாம். நள்ளிரவில் நாயை ஏற்றிச் செல்ல இசையும் ஆட்டோ ஓட்டுநர் ஒருவரிடம் முன்னரே பேசி வைப்பதும் இத்திட்டத்தின் பகுதியே.

தொகையின் கணக்கு எளிது. ஸ்கேன், எக்ஸ்ரே, மருந்து, அவசர அறுவை, வாகனம் அனைத்துக்கும் சேர்த்து 12,000 ரூபாய் தேவைப்படலாம் என்று ஒரு மருத்துவமனை கூறுவதாகக் கொள்வோம். நாய் ஐந்தாம் வாரத்தில் நம்மிடம் வந்திருந்தால், கையில் இருப்பது நான்கே வாரம். வாரத்துக்கு 3,000 ரூபாய் ஒதுக்க வேண்டும். ஒரு குடும்பத்துக்கு அது பாரமெனில், தெருவிலுள்ள நான்கு குடும்பங்கள் பகிர்ந்தால் வாரத்துக்கு 750 ரூபாய்தான். இதனை வீட்டுச் செலவுக் கணக்குடன் கலக்காமல், உடனே எடுக்கத்தக்க சேமிப்புக் கணக்கில் தனியே வைத்தல் நலம். அறுவை தேவைப்படாவிடில் அதே தொகை கருத்தடைக்கும் குட்டிகளின் தடுப்பூசிக்கும் உதவும். செல்லப்பிராணிக் காப்பீடு எடுக்க எண்ணுவோர், சினையும் ஏற்கெனவே உள்ள நிலைகளும் அதில் அடங்குமா என்பதைக் கையெழுத்திடுமுன் படித்தறிய வேண்டும்.

தெருநாய்கள் தாமாகவே ஈனுகின்றனவே, இத்தனை ஏற்பாடு எதற்கு என்று சிலர் கேட்பர். நாட்டுநாயின் உடலைக் காலம் செதுக்கியது. சிற்றின நாயின் உருவத்தையோ மனிதன் தன் விருப்பத்துக்காகக் குறுக்கினான். அக்குறுக்கத்தின் விலையை அந்த உயிர் மட்டும் தருவது முறையாகாது. குட்டிகளை விற்றுச் செலவை ஈட்டலாமே என்பர் வேறு சிலர். அந்த எண்ணமே தாயைத் தெருவில் விட்ட வழக்கத்தின் தொடக்கம். இனப்பெருக்கத்தைத் தொழிலாகச் செய்வோர் பதிவு பெற வேண்டுமென்றும், எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கலாகாதென்றும் 2017 ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. எட்டு வாரம் தாயுடன் வைத்திருந்து, தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் தந்து, வளர்க்க வல்லவரிடம் இலவசமாக ஒப்படைப்பதே முறை. பால்குடி மறந்த பின், மருத்துவர் சொல்லும் நாளில், தாய்க்குக் கருத்தடை அறுவை செய்துவிட வேண்டும். வளர்க்கவே முடிவு செய்தால், ரேபிஸ் தடுப்பூசிச் சான்றுடன் ஊராட்சியில் உரிமம் பெறுதல் கடமை.

கைவிடப்பட்ட நாயை ஏற்பவர் எவராலும் கட்டாயப்படுத்தப்படுவதில்லை. தாமே முன்வந்து ஏற்கும் இப்பொறுப்புக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு: ஈற்று வரை அதிகமாகப் போனால் 63 நாள், குட்டிகள் பிரியும் வரை மேலும் எட்டு வாரம். இக்காலத்தில் செய்யவேண்டியவை முன்னரே தெரிந்தவை. ஆகும் செலவும் முன்னரே கணிக்கத்தக்கது. நாய் வந்த அன்றே நாட்காட்டியில் நாளைக் குறித்து, முதல் வாரத் தொகையை ஒதுக்கிவிடுங்கள். முதல் ஈற்றே அதன் கடைசி ஈற்றாகவும் இருக்கட்டும்.