பாலம் வாங்கலாம், ஆனா கீழ தண்ணி ஓடணும்

நம்ம காலேஜ் பக்கத்துல இருந்த கல்யாண மண்டபத்தை இடிச்சது எல்லாருக்கும் தெரியும். அதோட புல்தரையில இருந்த குட்டி அலங்காரப் பாலம் இப்போ காயலாங்கடை வாசல்ல கிடக்கு. வளைந்த இரும்பு பைப், மேல மரப்பலகை, சிவப்புக் கைப்பிடி. நீளம் 4 மீட்டர், அகலம் 1 மீட்டர். அதை வாங்கி லைப்ரரி பின்னாடி தோட்டத்துல வைக்கலாமான்னு ஒரு வாரமா குரூப்ல சண்டை. "செம செல்ஃபி ஸ்பாட்"னு ஒரு கட்சி. "பழைய இரும்புக்கு எதுக்குடா காசு"ன்னு இன்னொரு கட்சி.

என் கருத்து: வாங்கணும். ஆனா புல்தரையில சும்மா நிறுத்தி வைக்க இல்ல. கடக்க எதுவும் இல்லாத இடத்துல வச்சா, காயலாங்கடையில கிடந்தது தோட்டத்துல கிடக்கும், அவ்வளவுதான்.

பழைய பாலத்துக்குப் புது இடம் தேடுறது ஒண்ணும் விசித்திரம் இல்ல. 1831ல் திறக்கப்பட்ட லண்டன் பிரிட்ஜ், நகரத்தோட டிராஃபிக்கைத் தாங்க முடியாம 1968ல் விலைக்குப் போனது. ராபர்ட் மெக்கல்லக் என்ற அமெரிக்கத் தொழிலதிபர் 24,60,000 டாலர் கொடுத்து வாங்கினார். வெளிப்புறக் கற்களுக்கு நம்பர் போட்டு, கப்பலில் ஏற்றி, அரிசோனாவில் உள்ள லேக் ஹவாசு சிட்டிக்குக் கொண்டு போனார்கள். உள்ளே புதுசாகக் கான்கிரீட் கட்டி, மேலே அந்தப் பழைய கற்களைப் பதித்தார்கள். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், பாலம் கட்டின இடத்துல தண்ணியே கிடையாது. தரையில கட்டிட்டு, அப்புறம்தான் அடியில கால்வாய் வெட்டினாங்க. ஏரிக்குள்ள நீட்டிக்கிட்டு இருந்த நிலம் தீவாச்சு. 1971 அக்டோபரில் திறப்பு விழா.

அதுக்கும் முன்னாடி அங்கே நின்ற பழைய லண்டன் பிரிட்ஜின் கல் மாடங்கள் இரண்டு, 1860லிருந்து லண்டன் விக்டோரியா பார்க்கில் இருக்கின்றன. வெறும் காட்சிப் பொருளா இல்ல, பார்க்குக்கு வர்றவங்க உள்ளே உட்காரலாம். ரெண்டு கதையிலயும் பழைய பொருளுக்கு இடம் மட்டும் கிடைக்கல, வேலையும் கிடைச்சது.

நம்ம தோட்டத்துலயும் அந்த வேலை ரெடியா இருக்கு. நவம்பர் வந்தா லைப்ரரி மாடித் தண்ணி மொத்தமும் பாதையில தேங்குது, ஷூவைக் கையில பிடிச்சுக்கிட்டுப் போறோம். அங்க ஆழமில்லாத ஒரு வாய்க்கால் வெட்டி, ஓரத்துல கல்வாழை நட்டு, கடைசியில ஒரு உறிஞ்சு குழிக்கு விட்டா தண்ணி நிலத்துக்குள்ள போகும். பாதை அந்த வாய்க்காலைக் கடக்கணும். அதுக்குத்தான் பாலம். "கோடையில காய்ஞ்சு கிடக்குமே"ன்னு கேக்கலாம். வருஷத்துல பாதி நாள் மணலா கிடக்கிற ஆத்து மேல பாலம் இருக்கிறதை நம்ம ஊர்ல யாரும் கேலி பண்றது இல்லையே.

"உருக்கினா மறுபடி இரும்புதானே, அதுவும் ரீசைக்கிள்தானே" என்பது நியாயமான கேள்வி. ஆனா உருக்க உலை எரியணும். அப்படியே எடுத்து வைக்க ஒரு மினி லாரி போதும்.

உண்மையான கவலை பாதுகாப்புதான். மண்டபத்துல அது மேல ஏறினது பொண்ணு, மாப்பிள்ளை, போட்டோகிராஃபர். இங்க ஃபேர்வெல் அன்னைக்கு ஒரு டிபார்ட்மென்ட்டே ஏறும். கூட்டம் சேரக்கூடிய நடைபாதைக்கு ஐ.ஆர்.சி. விதி சொல்லும் பாரம் சதுர மீட்டருக்கு 500 கிலோ. நம்ம பாலத்துக்கு 2,000 கிலோ, அதாவது 50 கிலோ மணல் மூட்டை 40. தரைக்கு அரை அடி மேல பாலத்தை வச்சு, சார் முன்னாடி மூட்டைகளை அடுக்கி, எவ்வளவு தொய்யுது, எடுத்ததும் பழைய நிலைக்கு வருதான்னு டயல் கேஜ்ல பார்க்கணும். வெல்டிங் ஓரத்துல துரு, பலகை நுனியில உளுப்பு இருக்கான்னு ஸ்க்ரூ டிரைவரால குத்திப் பார்க்கணும். வளைவு ரெண்டு முனையையும் வெளியே தள்ளும், அதனால மண்ணு மேல வைக்காம கான்கிரீட் கட்டையில உக்காரணும். டெஸ்ட்ல ஃபெயில் ஆனா அரிசோனா வழி இருக்கு. கீழே புது இரும்புச் சேனல் பாரத்தைத் தாங்கட்டும், பழைய வளைவு மேல சட்டை மாதிரி இருக்கட்டும்.

ஒரு நிபந்தனை மட்டும் விட்டுக்கொடுக்கவே முடியாது. வளைந்த, 1 மீட்டர் பாலத்துல வீல்சேர் போறது கஷ்டம். அதனால பக்கத்துலயே வாய்க்கால்ல பைப் பதிச்சு ஒரு சமதளப் பாதையும் வேணும். அது இல்லேன்னா இந்தப் பாலமும் வேண்டாம்.

நாங்க மே மாசம் கிளம்பிடுவோம். அப்புறம் பெயின்ட் யார் அடிப்பா? ஒவ்வொரு ஆகஸ்ட்டிலும், மழைக்கு முன்னாடி, செகண்ட் இயர் சிவில் பசங்க துருவைச் சுரண்டி பெயின்ட் அடிக்கணும்னு அசோசியேஷன் மினிட்ஸ்ல இப்பவே எழுதி வைக்கலாம். காயலாங்கடை அண்ணன் சனிக்கிழமை வரைக்கும் வெட்டாம வச்சிருக்கேன்னு சொல்லியிருக்கார். அதுக்குள்ள குரூப்ல ஓட்டெடுப்பை முடிங்க.