பயத்தைப் பிரெஞ்சில் சொல்லிப் பாருங்கள்!

பிரெஞ்சு பயிலும் ஒரு மாணவரிடம், "தேர்வை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது, இதைப் பிரெஞ்சில் எப்படிச் சொல்வது?" என்று கேட்டுப் பாருங்கள். வினைச்சொல் அட்டவணைகளை மடமடவென்று ஒப்பிப்பவர்கூடத் திருதிருவென விழிக்கலாம். மனத்தில் உள்ளதைச் சொல்லும் வாக்கியங்களைத்தான் முதலில் கற்க வேண்டும் என்பது என் கருத்து.

அப்படியானால் இலக்கணம் வேண்டாமா? வேண்டும். 'ஜே பேர்' என்றால் 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று பொருள். சொல்லுக்குச் சொல் பார்த்தால், 'நான் பயம் உடையேன்' என்றாகும். பசி, தாகம், வெட்கம் ஆகியவற்றையும் பிரெஞ்சுக்காரர்கள் இவ்வாறே கூறுவார்கள். 'அவ்வார்' என்னும் வினைச்சொல்லைக் கற்க இதைவிட எளிய வழி ஏது?

தன்னம்பிக்கைக்கு அவர்கள் சொல்வது 'கோன்ஃபியான்ஸ் ஆன் சுவா'. அதாவது, தன்னிடத்தில் நம்பிக்கை. நம் சொல்லின் அமைப்பேதான்! ஆங்கிலப் பழக்கத்தில் 'கோன்ஃபிதான்ஸ்' என்று சொல்லிவிடாதீர்கள். அதற்கு, ஒருவரை நம்பிச் சொல்லும் இரகசியம் என்று பொருள்.

கணக்கு வராத பிரெஞ்சு மாணவர் 'ஜ சுயி ந்யூல்' என்று அலுத்துக்கொள்வதுண்டு. 'நான் ஒரு செல்லாக்காசு' என்பது போன்ற பேச்சு அது. அதே மொழியில் வேறொரு வாக்கியமும் இருக்கிறது: 'ஜ நி ஆரீவ் பா ஸாங்கோர்'. 'எனக்கு இன்னும் வரவில்லை' என்பது கருத்து; 'இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை' என்பது நேர்ப்பொருள். முதல் வாக்கியம் ஆளையே தள்ளிவிடுகிறது. இரண்டாவது வாக்கியம், நடக்க வேண்டிய தூரத்தை மட்டும் சொல்கிறது. இரண்டாவதையே நாம் பழகுவோம்.

உணர்ச்சிக்குப் பெயரிடுவதால் பயன் உண்டா? 2007ஆம் ஆண்டில் மேத்யூ லீபர்மன் என்னும் அமெரிக்க அறிவியலாளரின் குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. அச்சம், கோபம் போன்றவற்றைக் காட்டும் முகப்படங்களைப் பார்த்தவர்கள், அவ்வுணர்ச்சிக்குரிய சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது, மூளையில் அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்னும் பகுதியின் செயல் தணிந்தது. அது பிரெஞ்சு வகுப்பில் நடந்த சோதனை அன்று. ஆயினும், சரியான சொல் கிடைப்பதே ஓர் ஆறுதல் என்பதை அது காட்டுகிறது அல்லவா?

வாய் திறந்தால் தவறு வருமே என்று அஞ்சித்தான் பலர் வகுப்பில் மௌனமாக இருக்கிறார்கள். அந்த அச்சத்தையே முதல் வாக்கியமாக்குங்கள். 'ஜே பேர்' என்று நீங்கள் சொன்ன அந்தக் கணத்தில், பிரெஞ்சு பேசத் தொடங்கிவிட்டீர்கள்!